இடது காதில் ஒரு மூலை

என் இடது காதுக்குள் ஒரு மூலை இருக்கிறது. எல்லோர் காதுக்குள்ளும் உண்டாம். ஆனால் கூட்டம் போட்டுப் பேசி, தீர்மானம் நிறைவேற்றி, ரிப்பன் வெட்டித் திறந்து வைக்கப்பட்ட மூலை என்றால், எனக்குத் தெரிந்து என்னுடையது ஒன்றுதான்.

நான் குடிநீர் அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் வாங்குபவன். எதிர்முனையில் குரல் உயர ஆரம்பித்ததும் ரிசீவரை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றிக்கொள்வேன். அந்தக் காது சில வருஷங்களாகவே அரைத்தூக்கத்தில் இருந்தது. பேசுகிறவர் தொண்டை வறண்டு ஓயும்வரை நான் புத்தர் மாதிரி உட்கார்ந்திருப்பேன். அலுவலகத்தில் என்னைப் போல் பொறுமைசாலி கிடையாது என்று பெயராகி, ஆண்டு விழாவில் ஒரு கேடயமும் கொடுத்தார்கள்.

இந்தப் புகழில் மயங்காத ஒரே ஆள் என் மனைவி. ஸ்கூட்டரில் பின்னால் இடப்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டு, அவள் பேசுவதெல்லாம் இந்த இடது காதில்தான் விழ வேண்டும்; வலது காது எதிரே வரும் வண்டிகளின் சத்தத்துக்கே சரியாகிவிடும். விழாது. இடது பக்கக் கண்ணாடியில் அவள் வாய் அசைவது மட்டும் தெரியும். திட்டுகிறாள் என்று வைத்துக்கொண்டு அதற்கேற்றபடி தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டுவேன். கல்யாணமானவன் இந்த ஊகத்தில் தவறு செய்ய வாய்ப்புக் குறைவு.

தூங்கின காது தூங்கினபடியே கிடந்திருக்கலாம். அது ஒழுக ஆரம்பித்தது. நாற்றமும் சேர்ந்துகொண்டது. மனைவி தலையணையை மாற்றிப் பார்த்தாள், உறையை மாற்றிப் பார்த்தாள், கடைசியில் என்னையே மாற்றிவிடலாமா என்கிற பார்வையோடு காது ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

அதன் பெயர் நேர்பார்வைச் செவி நிலையம். அதை ஆரம்பித்த ஸ்தாபகர், காதைப் பெரிதாக்கிக் காட்டும் மைக்ராஸ்கோப்பை முதன்முதலில் அங்கே கொண்டுவந்தவர். மைக்ராஸ்கோப் நேர்கோட்டில்தான் பார்க்கும். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இதை ஒரு குறையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஸ்தாபகர் கொள்கையாக்கிவிட்டார். 'நேராகத் தெரியாதது இல்லை' என்று வாசலில் பித்தளை எழுத்தில் பதித்திருந்தார்கள்.

வாசலோடு நிற்கவில்லை. வராந்தாக்கள் அம்பு விட்ட மாதிரி நேராக ஓடின. லிஃப்டில் இருந்த கண்ணாடியைக் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார்கள். கழிப்பறை மட்டும், கட்டினவரின் கவனக்குறைவால், ஒரு திருப்பத்துக்கு அப்பால் அமைந்துவிட்டது. ஆகவே அதற்கு அறிவிப்புப் பலகை கிடையாது. வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"அப்படி ஒண்ணு இல்ல சார்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நேரா போயி, யாரும் பாக்காதப்ப லெஃப்ட்ல திரும்பிடுங்க" என்றாள்.

நிலையத்தில் இரண்டு கட்சி. காதுத் துளை வழியாகப் போய், செவிப்பறையை ஓரமாக மடித்து வைத்துவிட்டு நடுக்காதைப் பார்ப்பவர்கள் முன்வாசல் பிரிவு. காதுக்குப் பின்னாலுள்ள எலும்பைக் குடைந்துகொண்டு இறங்குபவர்கள் பின்வாசல் பிரிவு. இரண்டு தரப்பும் ஒரே காதில்தான் வேலை செய்கின்றன என்றாலும் கேண்டீனில் ஒரே மேஜையில் உட்காருவதில்லை. தலைமை டாக்டர் பின்வாசல்காரர். முன்வாசல் பிரிவின் தலைவர் அவரைவிட இரண்டு அங்குலம் உயரம். அதனாலேயே அவருக்குத் தலைமைப் பதவி கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டார்கள்.

தலைமை டாக்டரே எனக்கு ஆபரேஷன் செய்தார். காதுக்குள்ளே தோல், வளரக்கூடாத இடத்தில் உருண்டையாக வளர்ந்து, கேட்க உதவும் குட்டி எலும்புகளை அரித்துக்கொண்டிருந்ததாம். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது அவர் மலர்ந்த முகத்தோடு நின்றார்.

"பாத்ததெல்லாம் எடுத்தாச்சு."

நான் கும்பிட்டேன். மனைவிதான் கேட்டாள். "பாக்காதது, டாக்டர்?"

"பாக்காதது எப்படிம்மா இருக்கும்?" என்றார் அவர், மிகுந்த பரிவோடு.

பாக்காதது மறுபடியும் ஒழுகியது.

இந்தத் தடவை எங்களைப் பார்த்தது உதவி டாக்டரம்மா. தலை பாதி நரைத்தும் உதவியாகவே இருந்தார். கூட்டங்களில் 'ஏன்?' என்று கேட்கிற கெட்ட பழக்கம் அவருக்கு உண்டு. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டினார்.

"நடுக்காதை ஒரு சின்ன ரூம்னு வச்சுக்குங்க. இந்தச் செவுத்துல முகத்துக்குப் போற நரம்பு ஒயர் மாதிரி ஓடுது. அதுக்குப் பின்னால, மூலையில, ஒரு மாடம். முன்வாசல்ல நின்னா செவுரு மறைக்கும். பின்வாசல்ல வந்தா நரம்பு குறுக்க நிக்கும். மிச்சம் விட்டது அந்த மாடத்துல குந்திக்கிட்டிருக்கு. கடுகளவுதான்."

"கடுகுதானே?" என்றேன், தைரியமாக.

"வளரும். நரம்பை அழுத்துச்சுன்னா முகத்துல ஒரு பக்கம் கோணிக்கும். கண்ணை மூட முடியாது, சிரிக்க முடியாது."

"இவர் எப்பவாவதுதான் சிரிப்பாரு" என்றாள் மனைவி. சற்றுப் பொறுத்து, குரல் இறங்கி, "அந்தக் கொஞ்சமும் போயிடுமா?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் என் சிரிப்பைப் பற்றி அவளுக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஜன்னலைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டேன்.

என் மூலையைப் பற்றிய கூட்டம் மறுவாரம் நடந்தது. நோயாளி இல்லாமல் நோயைப் பற்றிப் பேசுவது முறையல்ல என்று எங்களையும் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். பேசத்தான் கூடாது.

தலைமை டாக்டர் எழுந்தார். "பின்வாசல் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை, பின்வாசலில் தெரிந்த எந்த நோயையும் நாங்கள் விட்டு வைத்தது கிடையாது. தெரியாத நோயைப் பொறுத்தவரை அது முன்வாசலின் பொறுப்பு."

முன்வாசல் டாக்டர் எழுந்தார். "முன்வாசலில் நின்று பார்த்தேன். அங்கே ஒரு சுவர் இருக்கிறது. மிக நல்ல சுவர். சுவருக்குப் பின்னால் இருப்பதெல்லாம் இயற்கையாகவே பின்வாசலைச் சேர்ந்தது."

"அப்ப மூலை யாருக்குச் சொந்தம்?" என்று உதவி டாக்டரம்மா கேட்டார்.

"மூலை என்ற சொல்லையே ஸ்தாபகர் தம் நூலில் பயன்படுத்தவில்லை" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த நிலையத்தில் இரு பிரிவும் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை என்று கைதட்டல் எழுந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. கையைத் தூக்கினேன். "சார், என் ஸ்கூட்டர்ல ஒரு கண்ணாடி இருக்கு. நேரா பாத்துக்கிட்டே பின்னால வர்றது தெரியுது. அந்த மாதிரி..."

தலைமை டாக்டர் என்னை நெடுநேரம் பார்த்தார். "இந்த நிலையம் ஸ்கூட்டர் அல்ல" என்றார்.

அது குறிப்பேட்டில் ஏறியது.

மாலையில் தீர்மானம் வந்தது. பார்வை வளையக் கூடாது. ஆகவே மூலையைப் பார்வைக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். ஆகவே நோயாளியைச் சாய்க்க வேண்டும்.

மறுநாள் ஆபரேஷன் மேஜையில் என்னைப் பட்டை போட்டுக் கட்டினார்கள். கத்தி கிடையாது, ஒத்திகைதான். வலப்பக்கம் சாய்த்தார்கள். தலைமை டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, "இன்னும்" என்றார். இன்னும் சாய்த்தார்கள். என் சட்டைப் பையிலிருந்து பேனா விழுந்தது, பிறகு சில்லறை, பிறகு அலுவலக அடையாள அட்டை. "இன்னும்." கால் மேலே போயிற்று. ஸ்தாபகர் படம் தலைகீழாகத் தெரிந்தது. அப்படிப் பார்க்கும்போது கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தார்.

இதற்கு மேல் மேஜை திரும்பாது என்றானதும் டாக்டர்கள் சாய்ந்தார்கள். முன்வாசல் டாக்டர் சுவரில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு குனிந்தார். தலைமை டாக்டர் தரையில் மல்லாந்து படுத்தார். அந்த நிலையிலும் கோட்டுப் பித்தானைக் கழற்றவில்லை.

"என்ன தெரியுது சார்?" என்று கேட்டேன், என் ரத்தமெல்லாம் நெற்றிக்கு வந்திருந்த நேரத்தில்.

"விசித்திரமா இருக்கு. உன்னைச் சாய்க்கச் சாய்க்க, மூலையும் கூடவே சாயுது."

"அது இவர் தலைக்குள்ளதானே சார் இருக்கு" என்றார் உதவி டாக்டரம்மா.

"இதை நீங்க கூட்டத்துலயே சொல்லியிருக்கணும்" என்றார் தலைமை டாக்டர்.

தலை சுற்றல் தீரும்வரை என்னைத் தலைமை டாக்டர் அறையிலேயே உட்கார வைத்தார்கள். மனைவி என் சட்டையைச் சரி செய்துவிட்டு, சில்லறையைப் பையில் போட்டுவிட்டு, சும்மா இருக்க முடியாமல் அறையைச் சுற்றி வந்தாள். மூலையில், அதாவது அவர்கள் இல்லையென்று சொல்லும் இடத்தில், ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. உள்ளே வெல்வெட் துணியில் ஒரு மெல்லிய இரும்புக்குழாய். பேனா ரீஃபிலைவிடக் கொஞ்சம் நீளம்.

"இது என்ன டாக்டர்?"

தலைமை டாக்டர் இருமினார். "எண்டோஸ்கோப். பித்தான் கம்பெனி முதலாளியம்மா நன்கொடையா குடுத்தாங்க. முனையில ஒரு கண்ணு இருக்கு. அது..." என்று சுற்றிப் பார்த்துவிட்டு, "பக்கவாட்டுல பாக்கும்" என்றார், ஏதோ குடும்ப மானம் போகிற ரகசியத்தைச் சொல்வது போல.

"அப்ப மூலை தெரியும்ல?"

"தெரியும். அதனாலதான் பூட்டி வச்சிருக்கோம்."

நான் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தேன். தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். மனைவிக்குத் தலை சுற்றவில்லை.

"அந்தம்மா என்னிக்காவது வந்து, 'நான் குடுத்தது எத்தனை பேருக்கு உபயோகமாச்சு'ன்னு கேட்டா என்ன டாக்டர் சொல்லுவீங்க?"

"அவங்க ஏன் வரப்போறாங்க?"

"அவங்க கம்பெனியில பித்தானை அட்டையில தைக்கிறது எங்க அக்கா. போய்ச் சொன்னா வருவாங்க. புது கட்டிடத்துக்கும் அவங்கதானே தர்றதா இருக்காங்க, கீழ பலகையில பாத்தேன். நேராத்தான் தெரிஞ்சுது."

தலைமை டாக்டர் அலமாரிச் சாவியைத் தேட ஆரம்பித்தார். அது கிடைக்க அரை நாள் ஆயிற்று.

குழாயை வெளியே எடுத்தபோது நிலையம் ஒரு மகிழ்ச்சியான உண்மையைக் கண்டுபிடித்தது. குழாய் வளைந்திருக்கவில்லை. ஸ்கேல் மாதிரி நேராக இருந்தது. முனையிலுள்ள கண் மட்டும்தான் பக்கவாட்டுப் பார்வை. தலைமை டாக்டர் உடனே சுற்றறிக்கை விட்டார்: 'குழாய் நேராக உள்ளது. அது எங்கே பார்க்கிறது என்பது அதன் தனிப்பட்ட விஷயம்.'

அப்படித்தான் என் மூலைக்குத் திறப்பு விழா ஏற்பாடாயிற்று. ஆபரேஷன் தியேட்டரில் கேமரா. கீழே கூடத்தில் பெரிய திரை. தியேட்டரில் பேசுவது கூடத்துக்குக் கேட்க மைக், கூடத்தில் பேசுவது தியேட்டருக்குக் கேட்க ஒலிபெருக்கி. முன்வரிசையில் முதலாளியம்மா. பக்கத்திலேயே, யாரும் அழைக்காமல் போய் உட்கார்ந்த என் மனைவி.

எனக்கு முழு மயக்கம் தரவில்லை. நன்றியுரை நோயாளியின் வாயால் வர வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்ததால், காதை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். தலையை ஒருக்களித்து வைத்து, முகத்தில் பச்சைத்துணி போர்த்தினார்கள். நல்ல காது தலையணையில் அமுங்கியிருந்தது. ஆனாலும் அந்த ஒலிபெருக்கி அமுங்குகிற ஜாதி இல்லை.

தியேட்டர் கதவில் ரிப்பன் வெட்டினார்கள். பிறகு தலைமை டாக்டரும் முன்வாசல் டாக்டரும் பேசுவதற்காகக் கூடத்துக்கு இறங்கிப் போனார்கள். என்னோடு மிஞ்சியது உதவி டாக்டரம்மாவும் ஒரு நர்ஸும்தான். என் வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாக நான் உணர்ந்தது குறைவு.

கருவி உள்ளே நுழைந்தது. ஒலிபெருக்கியில் முன்வாசல் டாக்டர் முந்திக்கொண்டார். "பெரியோர்களே, குழாய் முன்வாசல் வழியாகச் செல்வதைக் கவனிக்கவும்!"

"முன்வாசல் வழியாகப் போனாலும் அதன் பார்வை பின்வாசல் பக்கமே திரும்புகிறது என்பதையும் கவனிக்கவும்" என்றது தலைமை டாக்டரின் குரல். பிறகு மைக்கை யாரோ யாரிடமிருந்தோ பிடுங்கும் கரகரப்பு.

"தெரியுது" என்றார் உதவி டாக்டரம்மா, மைக்குக்கு எட்டாமல், தலையணையில் அமுங்கிய நல்ல காதோரம் குனிந்து. "முத்து மாதிரி உக்காந்திருக்கு. இப்ப நரம்புமேலேர்ந்து உரிக்கப் போறேன். அசையாதீங்க. பேசாதீங்க. முக்கியமா, சிரிக்காதீங்க."

இந்த நிலையில் எவன் சிரிப்பான் என்று நினைத்தேன்.

கூடத்தில் கைதட்டல் அடங்கியது. முதலாளியம்மாவின் குரல் கேட்டது. "ஏன் டாக்டர், இவருக்கு ஏற்கெனவே ஒரு ஆபரேஷன் ஆச்சுன்னு இந்தம்மா சொல்றாங்க. அப்ப பண்ணினது யாரு?"

காதுக்குள்ளே கொக்கி மாதிரி ஏதோ நகர்வது தெரிந்தது.

"நான்தான்" என்றார் தலைமை டாக்டர். தொண்டையைச் செருமினார். "அது அங்கே இருப்பது எனக்கு அன்றைக்கே தெரியும். தாங்கள் அன்போடு அளித்த கருவிக்கு ஒரு நாள் திறப்பு விழா நடக்கும். அன்றைக்குத் திறந்து பார்க்க ஒன்றுமே இல்லாவிட்டால் தங்கள் மனம் என்ன பாடுபடும்! அதை எண்ணித்தான், கண்ணும் கருத்துமாக, ஒரு துண்டை அங்கே விட்டு வைத்தேன்."

என் வயிற்றில் எங்கோ ஒரு குமிழி கிளம்பியது.

"ஆட்சேபணை!" என்றார் முன்வாசல் டாக்டர். "பார்க்காத ஒன்றை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? அப்படியானால் நீங்கள் எட்டிப் பார்த்திருக்கிறீர்கள்!"

"நான் எட்டிப் பார்க்கவில்லை! என் வாழ்நாளில் எதையுமே எட்டிப் பார்த்ததில்லை! இந்த நோயாளியைக் கேளுங்கள், அவர் மூலையைப் பார்ப்பதற்காகத் தரையில் படுத்தேனே தவிர, எட்டிப் பார்க்கவில்லை!"

குமிழி நெஞ்சுக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்தேன். பல்லைக் கடித்தால் தாடை அசையும் என்று பயந்து, கடிப்பதை விட்டேன். சோகமாக எதையாவது நினைக்கலாம் என்று அலுவலகத்தை நினைத்தேன். கேடயம் ஞாபகம் வந்தது. நிலைமை மோசமாயிற்று. பித்தான் போட்ட கோட்டோடு தரையில் மல்லாந்த உருவம் பச்சைத்துணிக்குள் வந்து நின்றது.

"இன்னும் கொஞ்சம்தான்" என்றார் டாக்டரம்மா. அவர் குரலும் லேசாக நடுங்கியது. அவருக்கும் ஒலிபெருக்கி கேட்கிறதே என்று அப்போதுதான் உறைத்தது. கொக்கி அவர் கையில், நரம்பு என் முகத்தில், நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கக் கூடாது.

அந்தச் சமயத்தில் எனக்குக் கை கொடுத்தது ஒன்றுதான். 'அந்தக் கொஞ்சமும் போயிடுமா?' என்று அவள் கேட்ட குரல். அதைப் பிடித்துக்கொண்டேன். குமிழி நெஞ்சிலேயே நின்றது. மூச்சைச் சின்னச் சின்னதாக விட்டுக்கொண்டு, பொறுமைக்குக் கேடயம் வாங்கினவன் முதன்முறையாக உண்மையிலேயே பொறுமையாகக் கிடந்தேன்.

"வந்துடுச்சு" என்றார் டாக்டரம்மா. துணியை விலக்கி என் முகத்தைப் பார்த்தார். "எங்க, நரம்பு சரியா இருக்கான்னு பாக்கணும். இப்ப சிரிங்க."

சிரித்தேன். அடைத்து வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. இரண்டு கன்னமும் ஏறின, இரண்டு கண்ணும் இடுங்கின. டாக்டரம்மாவும் கருவியை வைத்துவிட்டு முகமூடிக்குள் குலுங்கினார். நர்ஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மைக் அத்தனையையும் கூடத்துக்கு அனுப்பியது.

"கேளுங்கள்! நோயாளியின் நன்றியுரை!" என்று தலைமை டாக்டர் தழுதழுத்தார்.

மீண்டும் என் முகத்தை மூடிவிட்டு, அரித்துப்போன எலும்புக்குப் பதிலாக ஓர் ஊசிமுனையளவு எலும்பை வைத்துக் காதை மூடினார்கள். என் முத்தைப் புட்டியில் போட்டு அதே கண்ணாடி அலமாரியில் வைத்தார்கள். பக்கத்தில், பத்திரமாக இருக்கட்டும் என்று, குழாயையும் மறுபடி வைத்துப் பூட்டினார்கள். சாவி இப்போது டாக்டரம்மாவிடம் இருப்பதாகக் கேள்வி. முதலாளியம்மா அதை எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் புதுக் கட்டிடத்துக்குக் கையெழுத்துப் போட்டாராம். அந்தக் கட்டிடத்தில் ஒரு வராந்தா வளைகிறது. இரண்டு பிரிவும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

கட்டுப் பிரித்த பிறகும் காது உடனே விழிக்கவில்லை. "மெதுவாத்தான் வரும், பாத்துக்கிட்டே இருக்காதீங்க" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மனைவி முதல் வாரம் முழுக்க, "கேக்குதா? கேக்குதா?" என்று இடது பக்கம் வந்து கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். முகம் கோணாமல் தப்பித்தது போதும் என்று தேற்றிக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை கடைக்குப் போகிறோம். பின்னால் வழக்கம்போல் அவள். இடது கண்ணாடியில் அவள் வாய் அசைகிறது. வழக்கம்போல் தலையை ஆட்டினேன். ஆட்டின தலை பாதியில் நின்றது.

ஏதோ கேட்டது. தூரத்தில், கதவுக்கு அந்தப் பக்கத்தில் யாரோ இருப்பது போல். திட்டல் இல்லை.

பாடிக்கொண்டிருந்தாள்.

எந்தப் பாட்டு என்று சொல்ல முடியவில்லை. மெட்டு ஒரு பாட்டுடையது, வார்த்தை இன்னொன்றுடையது. வார்த்தை மறந்த இடங்களில் 'னன்னன்னா' போட்டு நிரப்பினாள். மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது குரல் வழுக்கி விழுந்தது. விழுந்த இடத்திலிருந்தே கூச்சமில்லாமல் மறுபடி ஏறினாள். வீட்டில் அவள் ஒரு வரி பாடி நான் கேட்டதில்லை. எனக்குக் கேட்காத ஒரே இடமாகப் பார்த்து, பாட்டை இங்கே வைத்திருக்கிறாள். இத்தனை வருஷமாக நானும் அதற்குத் தலையை ஆட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். தாளம் எப்படி இருந்ததோ, பாவம்.

சிக்னலில் நின்றேன். ஆசை தாங்காமல் மெல்லக் கழுத்தைத் திருப்பினேன். பாட்டு சட்டென்று நின்றது.

"என்ன?" என்றாள், சந்தேகமாக. "ஏதாவது கேட்டுச்சா?"

அந்தக் காதுக்காக எத்தனை பேர் தரையில் படுத்தார்கள், எவ்வளவு ரிப்பன் செலவாயிற்று என்றெல்லாம் ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன்.

"எது?" என்றேன். "ஒண்ணும் கேக்கலையே."

அவள் முகம் தெளிந்தது. என் தோளை இரண்டு விரலால் பிடித்து முன்பக்கம் திருப்பினாள்.

"அப்ப என்ன திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டு? நேரா பாத்து ஓட்டுங்க."

நேராகப் பார்த்து ஓட்டினேன். விளக்கு மாறி, வண்டி வேகமெடுத்து, அடுத்த தெருவில் திரும்பியதும் பின்னால் 'னன்னன்னா' ஆரம்பித்தது.